நோயின் பெயரும் பொருளும்



சமணப் புலவர்களான காரியாசானும் கணிமேதாவியாரும் தம் நீதிநூல்களுக்கு முறையே சிறுபஞ்சமூலம், ஏலாதி என மருந்தின் பெயர்களையே சூட்டினர். ஐந்து வேர்களாலான மருந்தையும், ஏலம் முதலிய ஆறு பொருள்களாலான மருந்தையும் அறிந்தோர்க்கு அப்பெயர்களின் கருத்து எளிதில் விளங்கும். மருத்துவர் கூறும் சொல்லும் கேட்பவர்க்கு விளங்கினால்தான் பயன் தரும்.

பழவேற்காட்டு உவர்நீர் ஏரியை ஒட்டிய கோட்டைக்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் போன்ற மீனவ ஊர்களுக்கு மருத்துவத் தொண்டாற்றச் செல்வோர், மருந்துப் பெட்டியோடு மூன்று சொற்களின் தெளிந்த பொருளையும் கொண்டு செல்லல் நலம்.

முதலாவது 'இரத்தக் கொதிப்பு'. குருதி சூடேறுவதே நோய், கொதிப்பு அடங்கினால் நோயும் நீங்கிற்று என்று இப்பெயர் எண்ண வைக்கக்கூடும். உண்மையில் இது குருதி நாளங்களின் சுவர்மீது விழும் மிகை அழுத்தம். வெவ்வேறு இரு நாள்களில் அளந்தும் மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90, அல்லது அவற்றுக்கு மேற்பட்டு இருப்பின் அது உயர் இரத்த அழுத்தம் எனப்படும். பலருக்கு அறிகுறி எதுவும் தோன்றாது. 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று தாமே மாத்திரையை நிறுத்துவோர் பக்கவாதத்திற்கும் மாரடைப்பிற்கும் வழி திறந்துவிடுகின்றனர்.

இரண்டாவது 'நாட்பட்ட நோய்'. கைவிடப்பட்ட நோய் என்று இதற்குப் பொருளன்று. நெடுங்காலம் பேணிவர வேண்டிய நோய் என்பதே பொருள். வலையை ஒருமுறை சீர்செய்ததோடு வேலை முடிவதில்லை என்பதை அறிந்த மீனவர்க்கு இதனை விளக்குதல் அரிதன்று. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இத்தகைய நோய்களுக்கான மாத்திரைகளை இல்லங்களுக்கே கொண்டு சேர்க்கிறது. வந்த மாத்திரையைத் தவறாது உண்ண, அச்சொல்லின் பொருள் விளங்கியிருத்தல் வேண்டும்.

மூன்றாவது 'உப்பைக் குறைத்தல்'. பெரியவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குழம்பில் இடும் உப்பு மட்டுமே கணக்கன்று. குப்பத்துக் கருவாட்டு உப்பும், சமண இல்லங்களின் ஊறுகாய், அப்பள உப்பும் அதில் அடங்கும். எனவே, இது பிறர்க்கு மட்டும் கூறும் அறிவுரையன்று.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழ் கற்று, மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், கலைச்சொற்களை ஆக்கினார், மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தார். கடல் கடந்து வந்தவர் அவ்வளவு உழைத்தார் எனில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர்க்கு அக்கடமை இன்னும் பெரிது.

நால்வகைத் தானங்களுள் ஒன்று ஔடத தானம். மருந்தை ஈயும்போது அதன் காரணத்தையும் சொல்லி, கேட்டவரைத் தம் சொற்களில் திரும்பக் கூறச் செய்க. அவர் பிழையின்றிக் கூறிய பின்னரே அத்தானம் நிறைவுறும்.