கணவாயைத் தாண்டாத குருவி

(சங்கத்தின் மூத்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"நீங்கள் பட்சி பார்க்கப் போன கதையைச் சொல்லுங்கோ" என்று செயலாளர் கேட்டபோது எனக்குத் தயக்கம்தான். நம் கூட்டங்களில் பயணம் என்றால் காசி, பத்ரிநாத் அல்லது அமெரிக்காவில் பிள்ளை வீடு. எழுபத்து மூன்று வயதில் ஒரு குருவிக்காக மலை மலையாக ஏறினேன் என்றால் யார் கேட்பார்கள்? எங்கள் ஆத்திலேயே சிரித்தார்கள். ஆனால் அந்தக் குருவிக்கும் நமக்கும் ஒரு பழைய சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் பாலக்காட்டுக் கிராமத்தில் பிறந்தவன். நம் முன்னோர்கள் தஞ்சாவூர், மதுரைப் பக்கத்திலிருந்து எந்த வழியாக வந்தார்கள்? பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான். மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நீண்டு போகிறது. அதில் பெரிய இடைவெளி இது ஒன்றுதான், சுமார் 30 கிலோமீட்டர் அகலம். அந்தத் திறந்த கதவு வழியாகக் காற்று வந்தது, வியாபாரம் வந்தது, ரயில் வந்தது, நாமும் வந்தோம். பிறகு அதே கதவு வழியாக பம்பாய், டில்லி, மதராஸ் என்று வெளியேயும் போனோம். நமக்கு அது கதவு. நான் பார்க்கப் போன குருவிக்கோ அது சுவர்.

போன டிசம்பரில் கோயம்புத்தூரில் இருக்கும் என் மருமான் கூப்பிட்டான். அவனுக்குப் பத்து வருஷமாக இந்தப் பைத்தியம். "மாமா, ஒரே வாரத்தில் ஊட்டி, நெல்லியாம்பதி, மூணாறு மூன்றையும் பார்த்துவிடலாம், வாங்கோ" என்றான். எனக்கு ஒரு பழைய பைனாகுலரும் கொடுத்தான்.

முதலில் ஊட்டிக்கு அருகில் ஒரு சோலை. பொழுது சாயும் நேரம். "நீலகிரி சோலைக்கிளி இருக்கு, அசையாம நில்லுங்கோ" என்றான். கிளி என்றதும் நான் அண்ணாந்து மரக்கிளையில் பச்சைக்கிளியைத் தேடினேன். அவன் சிரித்துவிட்டான். "மாமா, நீங்க பாலக்காட்டுக்காரர்தானே? மலையாளத்தில் கிளின்னா எல்லாக் குருவியும்தான். கீழே பாருங்கோ!" ஓடையோரம், புதருக்குள், இருட்டோடு இருட்டாக ஒரு சின்னப் பறவை தத்தித் தத்திப் புழுவைத் தேடிக்கொண்டிருந்தது. மேலெல்லாம் கருநீலம், விலாவில் துருவின் நிறம், வயிற்றில் வெள்ளை. பார்த்தது அரை நிமிஷம்தான். அதற்குள் ஓர் அட்டை என் காலில் சாப்பாட்டை முடித்துவிட்டது.

மறுநாள் மலையிறங்கி, கணவாயைத் தாண்டி, நெம்மாறை வழியாகப் போத்துண்டி அணையைக் கடந்து நெல்லியாம்பதி ஏறினோம். அங்கே ஒரு ஜோடி இருவாச்சி எங்கள் தலைக்கு மேலே பறந்தது. இறக்கை ஓசையைக் கேட்டால் பழைய நீராவி எஞ்சின் ஞாபகம் வரும். மலையாளிகள் வேழாம்பல் என்கிறார்கள், கேரளத்தின் மாநிலப் பறவை. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஒரு சிறு பிளவு வழியாக மாதக்கணக்கில் ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டும். ஆணுக்கு ஏதாவது நேர்ந்தால் உள்ளே இருப்பவர்கள் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

நெல்லியாம்பதியிலிருந்து மூணாறுக்கு நேர் பாதை கிடையாது. திரும்ப இறங்கி, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் என்று சுற்றிக்கொண்டு இடுக்கி மாவட்டத்துக்குள் நுழைந்தோம். மூணாறில் விடியற்காலை இன்னொரு சோலை. மறுபடியும் ஓடை, புதர், அதே தத்தல். ஆனால் இந்தக் குருவியின் விலாவில் துருவின் நிறமே இல்லை. சாம்பல் கலந்த நீலம், வெள்ளை வயிறு. இது வெண்வயிற்றுச் சோலைக்கிளி.

மருமான் விளக்கினான். இவை ஆயிரம் மீட்டருக்கு மேலே, குளிர்ந்த சோலைகளில் மட்டுமே வாழ்பவை. கணவாயின் வெப்பமும் வெளியும் இவற்றுக்கு ஆகாது. பல லட்சம் ஆண்டுகளாக வடக்கே இருப்பது வடக்கே, தெற்கே இருப்பது தெற்கே என்று பிரிந்து வளர்ந்ததில் ஒரே வம்சம் வேறு வேறு இனங்களாகிவிட்டது. சிரிப்பான் என்ற பறவைக்கும் இதே கதைதான்: வடக்கே நீலகிரிச் சிரிப்பான், தெற்கே பழனிச் சிரிப்பான். வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே சோலைக்கிளிகளுக்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் இங்கும் அங்குமாக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 2017இல் வி.வி. ராபின் என்ற நம் நாட்டு விஞ்ஞானியும் சகாக்களும் மரபணுவை ஆராய்ந்து, இவை உலகில் வேறெங்கும் இல்லாத தனிப் பேரினம் என்று காட்டினார்கள். வைத்த பெயரும் நம் சோலையை ஒட்டியே: ஷோலிகோலா.

இனி நான் சொல்லப்போவதை இதுவரை எந்தச் சபையிலும் சொன்னதில்லை.

1974 முதல் 1979 வரை மூணாறுக்கு அப்பால் ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதினேன். நம் பையன்கள் பலருக்கு அப்போது அதுதான் உத்தியோகம். தேயிலை உலர்த்த விறகு வேண்டும். அதற்காக எஸ்டேட்டை ஒட்டிய புல்மேடுகளில் கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் நட்டார்கள். நடும் வரை அந்தப் புல்மேடு என் பேரேட்டில் எந்தத் தலைப்பில் இருந்தது தெரியுமா? "தரிசு". நட்ட பிறகு "சொத்து". என் கைப்பட எழுதினேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மானேஜர் பாராட்டினார்.

அந்த வருஷங்களில்தான் பக்கத்து இரவிகுளத்தில் வேறொன்று நடந்தது. 1971ஆம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் கேரள அரசு மீட்டுக்கொண்ட நிலத்தில் ஒரு பகுதியை 1975இல் சரணாலயமாகவும், 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தார்கள். "புல்லுக்கும் காவலா?" என்று எங்கள் ஆபீசில் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

போன டிசம்பரில் அதே இரவிகுளத்தின் ராஜமலையில், வனத்துறை பஸ்ஸில் போய் இறங்கி நின்றேன். பாதையோரப் புல்லில் ஒரு பழுப்புப் பறவை நடந்துகொண்டிருந்தது. பார்வைக்கு ஒன்றுமே இல்லை. கோடு போட்ட கோதுமை நிறம், அவ்வளவுதான். "நீலகிரி நெட்டைக்காலி, மாமா. இந்த மாதிரி உயரமான புல்வெளியை விட்டால் இதற்கு வேறு இடம் இல்லை" என்றான். நான் பேசாமல் இருந்தேன். எதிர்மலையில், ஒரு காலத்தில் நான் "சொத்து" என்று எழுதிய பக்கத்தில், கிராண்டிஸ் வரிசை வரிசையாக நின்றது. அங்கே ஒரு நெட்டைக்காலியும் இருக்காது. எத்தனை ஜோடியை நான் தரிசுக் கணக்கில் எழுதித் தள்ளினேனோ!

நான் எழுதாவிட்டால் வேறொருவர் எழுதியிருப்பார் என்பது உண்மை. அது ஆறுதலாகவில்லை. இடுக்கியை ஒட்டிய பழனி மலையில் 1970களிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்குள், மரத்தோட்டத்தாலும் விவசாயத்தாலும் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாக 2018இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நமக்கு ஓர் ஊர் சரிப்படவில்லை என்றால் அடுத்த ஊர் போகிறோம். போய்ப் பிழைத்தும் காட்டியிருக்கிறோம். அந்தக் குருவி எங்கே போகும்? கீழே இறங்கினால் சூடு. மேலே ஏறினால் சிகரம், அதற்கு மேலே ஆகாசம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் வருஷத்துக்கு ஒரு முறையாவது ஊர்ப்பக்கம் போகிறோம். தேர் பார்த்துவிட்டு மறுநாளே ரயில் ஏறாமல், ஒரு நாள் நெல்லியாம்பதிக்குப் போங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். இரவிகுளம் போவதானால் வரையாடு குட்டி போடும் சமயத்தில் பூங்காவை மூடுவார்கள், விசாரித்துக்கொண்டு போங்கள். பளிச்சென்ற உடுப்பு வேண்டாம். கூட்டின் அருகே போக வேண்டாம். செல்போனில் பறவைக் குரலைப் போட்டு அதை ஏமாற்றி வரவழைக்க வேண்டாம். பேரக்குழந்தைகளையும் அழைத்துப் போங்கள், நம் காதுக்கு எட்டாத மெல்லிய குரல் அவர்களுக்குக் கேட்கும்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் அல்ல. 1958இல் 'கேரளத்திலெ பட்சிகள்' என்று மலையாளத்தில் புத்தகம் எழுதிய இந்துசூடன், அதாவது பேராசிரியர் கே.கே. நீலகண்டன், பாலக்காட்டுக் காவசேரியில் பிறந்தவர். எங்கள் கிராமத்திலிருந்து ஒரு பஸ் தூரம். நான் கணக்கு எழுதிய காலத்தில் அந்தப் புத்தகம் வெளிவந்து பல வருஷம் ஆகியிருந்தது. படிக்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

2015 முதல் 2020 வரை கேரளம் முழுவதும் பறவைகளைக் கணக்கெடுத்து ஒரு வரைபடம் தயாரித்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் நடந்து நடந்து எண்ணினார்கள். இப்போதும் யார் வேண்டுமானாலும் பார்த்த பறவையை, இடம், தேதி, எண்ணிக்கையோடு இணையத்தில் பதியலாம். நம்மில் பாதிப்பேர் ஓய்வுபெற்ற பாங்க்காரர்கள், ஆடிட்டர்கள். எண்ணுவதும் எழுதுவதும் நமக்குச் சொல்லியா தர வேண்டும்?

ராஜமலையிலிருந்து திரும்பிய அன்று ராத்திரி, லாட்ஜில் உட்கார்ந்து மருமான் தன் போனில் பட்டியலைப் பதிந்தான். கடைசியில் என்னிடம் நீட்டி, "இதை நீங்க போடுங்கோ மாமா" என்றான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். நீலகிரி நெட்டைக்காலி, எண்ணிக்கை ஒன்று.

 காபி வந்துவிட்டது போலிருக்கிறது.