இ.ஜி.ஆர். வால்வைக் கழுவலாமா, அடைச்சிடலாமா?

டீசல் கார் வெச்சிருக்கிறவங்க அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கலாம். "வண்டில பிக்கப் இல்ல, கறுப்புப் புகை வருது, மெக்கானிக் இ.ஜி.ஆர். வால்வை அடைச்சிடலாம்னு சொல்றாரு. செய்யலாமா?" எனக்கே இது நடந்தது. அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

என்கிட்ட இருக்கிறது பத்து வருஷம் ஓடின டீசல் கார். பெரும்பாலும் தருமபுரி டவுனுக்குள்ளதான் ஓட்டம். காலைல ஸ்கூல், அப்புறம் நாலு ரோடு, பஸ் ஸ்டாண்ட், உழவர் சந்தை, திரும்ப வீடு. எல்லாம் ரெண்டு மூணு கிலோமீட்டர். ஒரு நாள் சேலத்துல இருந்து குடும்பத்தோட திரும்பி வந்துகிட்டிருந்தோம். தொப்பூர் கணவாய்னா எல்லாருக்கும் சேலம் பக்கம் இறங்குற ரோட்டுல நடக்கிற விபத்துகள்தான் ஞாபகம் வரும். எனக்குப் பிரச்சினை வந்தது ஏறுற பக்கம். முன்னாடி ஒரு லோடு லாரி மெதுவா ஏறுது. வலது பக்கம் எடுத்து முந்தப் பார்த்தேன். பாதி லாரியைத் தாண்டினதும் வண்டி இழுக்கவே இல்ல. மூணாவது கியர் போட்டு, ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சும் வேகம் ஏறல. பின்னாடி ஒரு பஸ் ஹாரன் அடிச்சுகிட்டே நெருங்குது. கண்ணாடியில பார்த்தா ஒரே கறுப்புப் புகை. எப்படியோ வேகத்தைக் குறைச்சு, லாரிக்குப் பின்னாடியே ஒதுங்கி, மேடு ஏறி வந்து சேர்ந்தோம். பின் சீட்டுல பசங்க இருந்தாங்க. அந்த ஒரு நிமிஷம் இன்னும் மறக்கல.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். "சார், இ.ஜி.ஆர். ஜாம் ஆயிடுச்சு. ஒரு தகடு வெட்டி உள்ள வெச்சு அடைச்சிட்டா பிரச்சினையே இருக்காது" என்றார். தெரிஞ்ச இன்னொரு மெக்கானிக் தம்பிக்கு போன் பண்ணினேன். "அண்ணா, அடைக்காதீங்க. கழட்டிக் கழுவிப் பார்க்கலாம், எடுத்துட்டு வாங்க" என்றான். ரெண்டு பேர்ல யார் சொன்னது சரி? அதுக்கு முதல்ல இந்த வால்வு என்ன வேலை செய்யுதுன்னு தெரியணும்.

காத்துல சுமார் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். சாதாரணமா இது ரெண்டும் சேராது. ஆனா எஞ்சின் சிலிண்டருக்குள்ள வெப்பம் ரொம்ப அதிகமானா ரெண்டும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆகுது. நுரையீரலுக்குக் கெடுதல் பண்ற வாயு அது. இதைக் குறைக்க, சைலன்சருக்குப் போற புகையில ஒரு பங்கைத் திருப்பி, உள்ளே போற காத்தோட கலக்கறாங்க. ஏற்கெனவே எரிஞ்ச புகையில ஆக்சிஜன் குறைவு. கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வெப்பத்தை உறிஞ்சிக்கும். அதனால சிலிண்டர் சூடு குறையும், நைட்ரஜன் ஆக்சைடும் குறையும். எவ்வளவு புகையைத் திருப்பி விடணும்னு ஈ.சி.யூ. கணக்குப் போடும். அதுக்கு ஏத்த மாதிரி திறந்து மூடுற கதவுதான் இந்த வால்வு.

முக்கியமான விஷயம் இதுதான். நீங்க முழுசா ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது இந்த வால்வு மூடிக்கணும். அப்போ எஞ்சினுக்கு நல்ல காத்து முழுசா தேவை. கரி படிஞ்சு வால்வு திறந்தபடியே மாட்டிகிட்டா, காத்து போக வேண்டிய இடத்துல புகை போகும். டீசல் சரியா எரியாது. கறுப்புப் புகையும் வரும், இழுவையும் போகும். சமதரையில மெதுவா ஓட்டும்போது இது பெருசா தெரியாது. தொப்பூர் மாதிரி ஏத்தத்துலதான் மாட்டிக்குவோம். வால்வு மூடினபடி மாட்டிகிட்டா நமக்கு எதுவுமே தெரியாமப் போகலாம். செக் எஞ்சின் விளக்கு மட்டும் எரியும், புகையில நைட்ரஜன் ஆக்சைடு கூடும்.

இந்தக் கரி எங்கிருந்து வருது? டீசல் புகையில கரித்தூள் இருக்கு. எஞ்சின் அடிப்பகுதியில இருந்து பிரீதர் ஹோஸ் வழியா எண்ணெய் ஆவியும் இன்டேக்குக்கு வருது. ரெண்டும் சேர்ந்தா தார் மாதிரி பசை ஆகும். குறைந்த தூரம், குறைந்த ஆர்.பி.எம்., அடிக்கடி ஐடிலிங்னு ஓட்டுற வண்டில எஞ்சின் சரியா சூடாகாது, அதனால சீக்கிரம் படியும். என் வண்டி ஓட்டமும் அப்படித்தான் இருந்தது.

சரி, கழுவறது எப்படி? முதல்ல ஸ்கேனர் போட்டுப் பாருங்க. பி0401னு கோட் வந்தா புகை ஓட்டம் போதவில்லைன்னு அர்த்தம், பி0402னா அதிகம்னு அர்த்தம். கோட் வந்த உடனே வால்வு போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. பல டீசல் வண்டில புகை ஓட்டத்தைக் கணக்கிட காத்து அளவு சென்சாரையும் பார்ப்பாங்க. அது அழுக்கா இருந்தாலும், வேக்யூம் ஹோஸ் வெடிச்சிருந்தாலும் இதே மாதிரி கோட் வரலாம்.

கழட்டணும்னா எஞ்சின் நல்லா ஆறட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. சில வால்வுகளோட கூலன்ட் குழாயும் சேர்ந்திருக்கும், சூட்டோட கழட்டினா கை வெந்துடும். கனெக்டர், போல்ட் எல்லாம் எடுத்த பிறகு, இன்டேக் வாயை சுத்தமான துணியால மூடிடுங்க. கரிக்கட்டி உள்ளே விழுந்தா எஞ்சினுக்கே ஆபத்து.

கார்புரேட்டர் கிளீனரோ இ.ஜி.ஆர். கிளீனரோ ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கிடைக்கும். கையுறை, கண்ணாடி போட்டுகிட்டு, வெட்ட வெளியில, நெருப்பு இல்லாத இடத்துல அடிங்க. கொஞ்ச நேரம் ஊற விட்டு நைலான் பிரஷ்ல தேய்ங்க. மோட்டார், எலெக்ட்ரிக் பகுதி மேல கிளீனர் படக்கூடாது. அதனால முழு வால்வையும் டப்பாவுல ஊறப்போடாதீங்க. வால்வு உட்காருற இடத்தைக் கம்பி பிரஷ்ல சுரண்டினா அப்புறம் சரியா மூடாது. எலெக்ட்ரிக் வால்வைக் கையால பலமா அழுத்தித் திறக்காதீங்க, கியர் உடையும். எல்லாம் காய்ந்த பிறகு புது கேஸ்கெட் போட்டு மாட்டி, கோடை அழிங்க. சில வண்டில ஸ்கேனர் வழியா வால்வோட இருப்பை மறுபடி கத்துக்கொடுக்கவும் வேணும். தெரியலைன்னா மெக்கானிக்கிட்ட கொடுக்கறதே நல்லது.

என் வால்வைக் கழட்டினப்போ பாதை விரல் நுழையற அளவுக்குக்கூட இல்ல. தம்பி சொன்னான்: "அண்ணா, வால்வைக் கழுவிட்டா மட்டும் போதாது. ஏன் இவ்வளவு கரி வந்துச்சுன்னு பார்க்கணும்." பிரீதர் பக்கம் எண்ணெய் அதிகமா வந்திருந்தது, ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தது. அதையும் சரி பண்ணினோம். இஞ்செக்டர் கசிஞ்சாலும் கரி கூடும்.

இப்போ அடைக்கிற யோசனைக்கு வருவோம். தகடு வெச்சா இழுவை திரும்பி வரும், அதை மறுக்க முடியாது. ஆனா நைட்ரஜன் ஆக்சைடு கூடும். அதுவும் நம்ம ஊர்க் காத்துலதான் கலக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி, காத்து மாசு விதிகளை மீறின வண்டியை ஓட்டினா 10,000 ரூபாய் வரை அபராதமோ மூணு மாசம் வரை சிறையோ கிடைக்கலாம், லைசென்ஸும் முடங்கலாம். 2020 ஏப்ரல் 1-ல் இருந்து வந்த பி.எஸ். 6 வண்டியில ஈ.சி.யூ.வே கண்டுபிடிச்சு விளக்கு எரியவிடும்.

2015-ல் ஃபோக்ஸ்வேகன் அமெரிக்காவுல மாட்டினது ஞாபகம் இருக்கும். சோதனையில மட்டும் சுத்தமா ஓடுற மாதிரியும், ரோட்டுல புகைக் கட்டுப்பாட்டைக் குறைக்கிற மாதிரியும் மென்பொருள் வெச்சிருந்தாங்க. ரோட்டுல அந்த வண்டிகள் விட்ட நைட்ரஜன் ஆக்சைடு அனுமதிச்ச அளவுல 40 மடங்கு வரைக்கும் இருந்ததுன்னு அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு சொன்னது. நம்ம தகடும் சின்ன அளவுல அதே வேலைதான்.

கழுவின பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலம் போய்த் திரும்பினேன். தொப்பூர் ஏத்தத்துல வண்டி ஒழுங்கா இழுத்தது. இப்போ வாரம் ஒரு தடவை எஞ்சின் நல்லா சூடாகுற அளவுக்கு கிருஷ்ணகிரி பக்கம் ஹைவேயில ஓட்டிட்டு வர்றேன். டவுன் வேலைக்கு ஸ்கூட்டர் எடுக்கிறேன்.

உங்க வண்டி ஏத்தத்துல திணறுதுன்னா அடுத்த பயணத்துக்கு முன்னாடியே பார்த்துடுங்க. வேற ஒரு வண்டி விஷயத்தோட அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.