கலகக்காரர் யார்?



மக்களைத் தூண்டிவிடுகிறார், சீசருக்கு வரி செலுத்தவிடாமல் தடுக்கிறார் என்றுதான் நம் ஆண்டவரைப் பிலாத்துவிடம் ஒப்புவித்தார்கள். கலகத்தில் கொலை செய்த பரபாவோ அன்று விடுதலை பெற்றான்.

எல் சால்வதோர் நாட்டிலும் இதே குற்றச்சாட்டு எழுந்தது. ஏழை உழவர்களோடு நின்ற இயேசு சபை அருள்பணியாளர் ருத்திலியோ கிராந்தே 1977 மார்ச் 12 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடன் ஒரு முதியவரும் ஒரு சிறுவனும் மாண்டனர். பேராயர் ஆஸ்கர் ரொமேரோ ஞாயிறுதோறும் வானொலியில் ஒலிபரப்பான மறையுரையில், கொல்லப்பட்டவர்களையும் காணாமற்போனவர்களையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். ஆயுதம் ஏந்திய புரட்சியாளர்களின் வன்முறையையும் அவர் கண்டித்தார். 1980 மார்ச் 23 அன்று, சொந்தச் சகோதரரைக் கொல்லும் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்று படைவீரர்களிடம் மன்றாடினார். மறுநாள் மாலை, திருப்பலி நிறைவேற்றும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். கலகக்காரர் என்று தூற்றப்பட்ட அவரை 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

பிறர் இரத்தத்தைக் கேட்கும் புரட்சியில் ஆள்பவர்கள் மாறலாம். மக்களின் அச்சம் மாறாது. தன் உயிரையே தரும் அன்பு அந்த அச்சத்தைப் போக்குகிறது.

நம் நடுவே நியாயமான கூலி கேட்பவரை, குடியிருக்க நிலம் கேட்பவரைக் கலகக்காரர் என்று யாரேனும் சொன்னால், உடனே தலையாட்டிவிட வேண்டாம். அவர் யாருக்காகப் பேசுகிறார்? எந்த வழியில் போராடுகிறார்? இந்த இரண்டையும் முதலில் கேட்போம். உண்மை பேசும் துணிவையும், எவரையும் வெறுக்காத உள்ளத்தையும் தருமாறு ஆண்டவரிடம் மன்றாடுவோம். ஆமென்.