‘கொஞ்சம் பரவாயில்லைங்க’ – எவ்வளவு பரவாயில்லை?

(தம்மம்பட்டியில் பொதுமக்களிடம் இயன்முறை மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

வேலையை விட்டுட்டு வந்திருக்கிற அம்மாக்கள், அய்யாக்கள், மரச்சிற்பப் பட்டறையிலிருந்து வந்திருக்கும் அண்ணன்மார்கள் எல்லோருக்கும் நன்றி.

சி.ஐ.டி.பி. என்று ஒரு நரம்பு நோய் இருக்கிறது. லட்சம் பேரில் ஒரு சிலருக்குத்தான் வரும். நரம்பைக் கரண்ட் ஒயர் மாதிரி நினைச்சுக்குங்க. மேலே ஓர் உறை இருக்கும். நம் எதிர்ப்பு சக்தியே அந்த உறையை அரிக்க ஆரம்பித்தால், மூளை சொல்வது கை காலுக்குச் சரியாகப் போய்ச் சேராது. கால்ல செருப்பு கழன்றது தெரியாது, படி ஏற முடியாது, உளி பிடியில் நிற்காது. இரண்டு மாதத்துக்கும் மேலாகப் பலவீனம் கூடிக்கொண்டே போகும். இதன் அவசரக்காரத் தம்பிதான் ஜி.பி.எஸ். 2025 ஜனவரியில் புனேயில் பரவியபோது செய்தியில் பார்த்திருப்பீர்கள். அது நான்கு வாரத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும்.

இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. ஐ.வி.ஐ.ஜி. என்ற மருந்தை டிரிப்பாக ஏற்றுவார்கள், அல்லது பிளாஸ்மா மாற்றுவார்கள். சி.ஐ.டி.பி.க்கு ஸ்டீராய்டும் கேட்கும், ஜி.பி.எஸ்.ஸுக்குக் கேட்காது. ஐ.வி.ஐ.ஜி. முதல் தவணை, பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம். 60 கிலோ ஆளுக்கு 120 கிராம். பலர் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கிற மருந்து என்பதால் விலையும் அதிகம். சி.ஐ.டி.பி.யில் சில வாரத்திலேயே பலன் இறங்கி, மறுபடி போட வேண்டி வரலாம். அப்போது டாக்டர் முடிவு பண்ணணும்: இதையே தொடர்வதா, குறைப்பதா, வேறு மருந்துக்குப் போவதா?

“எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் நம்ம ஊர்ல வர்ற பதில், “கொஞ்சம் பரவாயில்லைங்க.” டாக்டர் மனசு நோகக் கூடாதுன்னே பாதிப் பேர் அப்படிச் சொல்வாங்க. அதை வைத்து லட்ச ரூபாய் மருந்தைத் தொடரவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

117 சி.ஐ.டி.பி. நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. 24 வாரத்தில், ஐ.வி.ஐ.ஜி. போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு முன்னேற்றம் இருந்தது. மருந்து என்று சொல்லி வேறு டிரிப் ஏற்றியவர்களில்? 21 சதவீதம். மருந்தே இல்லாமல் தேறியவர்கள் இத்தனை பேர். மருந்து போட்டும் தேறாதவர்கள் கிட்டத்தட்ட பாதி. அளக்காமல் எப்படித் தெரியும்?

அந்த ஆய்வில் அளந்த கோலுக்குப் பெயர் ‘இன்கேட்’. கைக்கு 5, காலுக்கு 5. பூஜ்ஜியம் என்றால் நல்ல நிலை. காலுக்கு, வெளியே போக ஒரு கைத்தடி தேவைன்னா 2, இரண்டு பக்கமும் பிடிமானம் வேண்டும்னா 3, நிற்கவே முடியாமல் சக்கர நாற்காலியே கதி என்றால் 5. கைக்கு, தலை வாருவது, பட்டன் போடுவது, சில்லறைக் காசு எடுப்பது இதெல்லாம் கேட்பார்கள். கத்தியும் முட்கரண்டியும் பிடிக்க முடிகிறதா என்றும் அதில் ஒரு கேள்வி! அது வெள்ளைக்காரர் சாப்பாட்டு மேஜைக்கு எழுதியது. நமக்குச் சோறு பிசைஞ்சு வாயில வைக்க முடியுதான்னுதான் கேட்கணும்.

இந்தக் கோலில் ஒரு குறை. சிற்பியின் பிடி பாதியாகக் குறைந்தாலும் சட்டைப் பட்டன் போட முடிந்தால் புள்ளி பெரிதாக மாறாது. ஆனால் அவர் பிழைப்பு போய்விடும். அதனால் கைப்பிடி பலத்தையும் தனியாக அளக்கச் சொல்லுங்க. அதற்கென்று கருவி உண்டு. இல்லாத இடத்தில், பி.பி. பட்டையைச் சுருட்டி 20 வரை காற்றடித்துப் பிழியச் சொன்னால், முள் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கலாம்.

வீட்டில் உங்கள் செல்போனே போதும். வாரம் ஒருநாள், அதே நேரம், அதே நாற்காலி. எழுந்து பத்து மீட்டர் நடப்பதை வீடியோ எடுங்க, எத்தனை விநாடி என்று குறிச்சு வையுங்க. காலையில் ஒருநாள், சாயங்காலம் ஒருநாள் என்று எடுத்தால் களைப்பு கணக்கைக் கெடுத்துவிடும். மருந்து போடும் முன்பும், போட்டபின் நடுவிலும், அடுத்த தவணை நெருங்கும்போதும் இருக்கிற பதிவுகள் டாக்டருக்குப் பொக்கிஷம். விழுந்துவிடுவார் என்ற பயம் இருந்தால் பக்கத்தில் ஒருவர் நில்லுங்க, வீடியோ முக்கியமில்லை.

செலவுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. உங்கள் நோய்க்கு என்ன அனுமதி என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலோ 1800 425 3993 எண்ணிலோ கேளுங்க. படுக்கையில் இருப்பவருக்கு, 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது.

கடைசியா ஒரு அம்மா கேட்டாங்க, “ராத்திரியில திடீர்னு மோசமானா எப்படித் தெரியும்?” மூச்சை நன்றாக இழுத்து, ஒரே மூச்சில் ஒண்ணு, ரெண்டு என்று நிதானமாக எண்ணச் சொல்லுங்கம்மா. இருபதுக்கு முன்னாடியே மூச்சு நின்றாலோ, எச்சில் விழுங்க முடியவில்லை என்றாலோ, விடியட்டும்னு இருக்காதீங்க. உடனே 108.