தகரப் பட்டறையின் கைச்சுற்று யந்திரங்கள்

வன்னிப் பெருநிலத்திலே குளத்து நீரை நம்பி வாழும் ஒரு கமக்காரரின் வீட்டை எண்ணிப் பாருங்கள். நெல் அளக்கும் கொத்து, மிளகாய்க் கன்றுக்கு நீர் தெளிக்கும் பூவாளி, மண்ணெண்ணெய் வார்க்கும் புனல், கூரைநீரைத் தொட்டிக்குச் சேர்க்கும் பீலி என்னும் இவையெல்லாம் நெடுங்காலமாகத் தகர வேலைக்காரரின் கையிற் பிறந்தவை. பிளாஸ்டிக் வந்தபின் அவற்றுட் சில மறைந்தன. ஆயினும் பீலியும் புகைக்குழாயும் இன்றும் தகட்டாலும் செய்யப்படுகின்றன.

இத்தொழிலுக்கு மின்சாரம் இன்றியமையாததன்று. அதன் அருமையை வன்னி மக்கள் நன்கு அறிவர். 1990ஆம் ஆண்டு தொடங்கிப் பல்லாண்டுகள் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகள் தேசிய மின்வழியின்றி இருந்தன. எரிபொருளும் மின்கலமும் சீமெந்தும் தடைப்பட்ட பொருள்களாயின. 2002இல் கண்டி வீதி திறக்கப்படும்வரை, கையால் இயக்கக்கூடிய கருவி எதுவோ அதுவே கருவி என்னும் நிலை நிலவியது. பின்னர் வந்த இறுதிப் போரிலே குடும்பங்கள் இடம்விட்டு இடம்பெயர்ந்தபோது, பாரமான கருவிகளைச் சுமந்து செல்ல யாரால் முடியும்?

2009இல் போர் முடிந்தபின் பழைய இரும்பு வியாபாரம் வன்னியெங்கும் பெருகியது. துவிச்சக்கரவண்டிச் சட்டங்களும் நீரிறைக்கும் யந்திரங்களின் உடைசல்களும் ஒன்றாகக் குவிந்தன. அத்தகைய குவியலில் கைபிடியுள்ள சிறு வார்ப்பிரும்பு யந்திரம் ஒன்று கிடக்குமாயின், வியாபாரிக்கு அது இத்தனை கிலோ இரும்பு. தொழில் தெரிந்தவனுக்கோ ஒரு குடும்பத்தின் பிழைப்பு. அடையாளம் தெரியாமையால் அது உலைக்குப் போய்விடுதல் பெரும் நட்டமாகும். இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: மண்ணுட் புதைந்த அறியாத இரும்பை எவரும் தோண்டி எடுக்கலாகாது. வெடிக்காத குண்டுகள் பழைய இரும்பு பொறுக்கியோரின் உயிரைப் பறித்ததுண்டு. இங்கு பேசப்படுவது கடையிலும் கொட்டிலிலும் கண்முன் கிடக்கும் இரும்பைப் பற்றியே.

இவ்யந்திரங்கள் யாவும் பார்வைக்கு உடன்பிறந்தவை போலத் தோன்றும். ஒன்றின்மேல் ஒன்றாக இரு தண்டுகள்; அவற்றை இணைக்கும் பற்சில்லுகள்; பின்புறம் கைபிடி; முன்புறம் இரு உருளைகள்; மேலுருளையைக் கீழே அழுத்துதற்கு உச்சியில் ஒரு திருகு; தகட்டின் ஓரத்தை அளவாக நிறுத்த ஒரு தடுப்பு. வேறுபாடு முழுவதும் உருளைகளிலேயே உள்ளது. மேலுருளையில் மேடும் கீழுருளையில் அதற்கேற்ற பள்ளமும் இருப்பின், அது வாளியின் வயிற்றில் வரிவிடும் யந்திரம். அவ்வரி அழகுக்காக மட்டுமன்று. மெல்லிய தகடு நசுங்காமல் நிற்பதும் அதனாலேயே. உருளைகள் பல்லுப் பல்லாக நெளிந்திருப்பின், குழாயின் வாயைச் சுருக்கி அடுத்த குழாயினுட் செல்லும்படி செய்வது. இரு உருளைகளும் சரிந்து நிற்குமாயின், அடித்தட்டையும் உடலையும் பொருத்திய ஓரத்தைப் படியவைப்பது.

பலரையும் மயங்கச் செய்வன இரண்டு. ஒன்றின் உருளை விளிம்பு மெல்லியதாய்க் கூராக இருக்கும். அது வட்டத்தகட்டின் ஓரத்தைச் செங்குத்தாக நிமிர்த்தும். மற்றொன்றின் விளிம்பு உருண்டு தடித்திருக்கும்; அது கம்பி வைப்பதற்கு ஓரத்தை வளைத்துக் கொடுக்கும். விரலால் தடவிப் பார்த்தாலே வேறுபாடு புலப்படும். ஆங்கிலத் தகர வேலைக்காரர் இத்தகைய யந்திரத்தை ‘ஜென்னி’ என அழைப்பர். உடலில் வார்க்கப்பட்ட பெயரும் சில வேளை உதவும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துச் சவுதிங்டன் நகரம் இத்தொழிலுக்குப் பேர்போனது. மூன்று நிறுவனங்கள் 1870இல் ஒன்றுசேர்ந்து உருவான பெக், ஸ்டோ, வில்கொக்ஸ் நிறுவனத்தின் ‘பெக்ஸ்டோ’ முத்திரையை இன்றும் பழைய யந்திரங்களிற் காணலாம். ஆயினும் பெயர் துருவில் மறைந்துபோகும். உருளையோ தன் தொழிலை மறைப்பதில்லை.

இனிப் பயன்படுத்தும் முறை. வாளிக்கு அடித்தட்டு வைப்பதை எடுத்துக்கொள்வோம். வட்டமாக வெட்டிய தகட்டைத் தடுப்பிற் படும்படி உருளைகளிடையே வைத்து, மேற்றிருகை இலேசாக இறுக்கி ஒரு முழுச் சுற்றுச் சுற்றவேண்டும். பின்னர் ஒவ்வொரு சுற்றுக்கும் திருகைச் சிறிது இறுக்கி, தகட்டையும் சிறிது சிறிதாக நிமிர்த்த வேண்டும். அவசரப்பட்டு ஒரே சுற்றில் மடித்தால் ஓரம் சுருங்கி, தட்டு சாய்த்த சோசர் போலக் குழிந்துவிடும். புதியவர் அனைவரும் செய்யும் பிழை இதுவே. மேலும் சுழலும் தகட்டின் ஓரம் கத்திக்கு நிகரானது. ஆதலால் ஒரு துண்டுத் தகட்டை இரண்டாக மடித்து, பெருவிரலுக்கும் சுழலும் ஓரத்துக்கும் நடுவே பிடித்துக்கொள்வது பழைய கைத்திறனாளரின் வழக்கம்.

வாய்க்குக் கம்பி வைப்பதற்கு ஓரத்தில் எவ்வளவு தகடு விடவேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. கம்பியின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு விட்டால் போதும்; 4 மில்லிமீற்றர்க் கம்பிக்கு 10 மில்லிமீற்றர். குறைந்தால் கம்பி வெளியே தெரியும், கூடினால் ஓரம் பிதுங்கும். சிறிய யந்திரத்தில் 22 கேஜ் மென்னிரும்புத் தகட்டுக்கு, அதாவது ஏறத்தாழ முக்கால் மில்லிமீற்றருக்கு, மேற்பட்ட தடிப்பைச் செலுத்துதல் ஆகாது. இரு தகடுகள் மேற்படிந்த பொருத்து உருளைக்குள் வரும்போது திருகைச் சற்றுத் தளர்த்தாவிடின் உருளையின் விளிம்பிற் காயம் விழும். அக்காயம் அதன்பின் செய்யும் ஒவ்வொரு வாளியிலும் தழும்பாகப் பதியும்.

அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையத்திலே இன்று வன்னி இளைஞர் நவீன யந்திரங்களைப் பயில்கின்றனர். அது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் சொந்தமாகச் சிறு பட்டறை தொடங்க விரும்பும் ஒருவர்க்கு, பெரிய முதலும் மின்கட்டணமும் கேளாத இப்பழைய யந்திரம் கைவசம் கிடைத்தால் தள்ளிவிடத் தக்கதன்று.

வாங்குமுன் செய்யவேண்டியவை சில. துருவைக் கண்டு அஞ்சவேண்டாம். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடைத்தாற் பெரும்பாலும் நீங்கும். உருளையை அரத்தால் மட்டும் அராவலாகாது. அதன் வடிவம் கெட்டால் யந்திரமே பயனற்றதாகும். வார்ப்பிரும்பு உடலிற் கீறல் உண்டா எனவும், பற்சில்லுகளிற் பல் உடைந்திருக்கிறதா எனவும் நோக்குக. ஓர் உருளை தேய்ந்திருப்பின் கடைசல் பட்டறையிற் புதிது கடைந்து கொள்ளலாம். இரண்டும் இல்லாதிருப்பின் மாதிரி கிடைத்தல் அரிது. தண்டுகளின் மேலுள்ள சிறு துளைகள் எண்ணெய் விடுவதற்காக ஏற்பட்டவை. அவை மண்ணால் அடைபட்டிருக்கும். ஊசியாற் குத்தித் திறந்து, இரண்டு துளி எண்ணெய் விட்டு, கைபிடியை மெல்லச் சுற்றிப் பார்த்தபின் விலை பேசுக.