பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்!

(தாம்பரம் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



குரோம்பேட்டை, தாம்பரம் பெரிய கடைகளில் துவரம் பருப்பு இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று, விளம்பரத்தில் பேர் வாங்கிய கம்பெனிச் சரக்கு. மற்றது, கடை முதலாளி தன் பெயரையே ஒட்டிய சரக்கு, விலை குறைவு. “மலிவை வாங்கி ஏமாறுவோமோ?” என்று கேட்கிறீர்கள்.

பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்! தயாரித்தவர் அல்லது பொட்டலம் கட்டியவர் முகவரி, எடை, அதிகபட்ச விலை இருந்தாக வேண்டும். இது 2011-ம் வருஷத்து விதி. 14 இலக்க உணவு உரிம எண்ணும் வேண்டும். ஒரே ஆலையே இரு பெயரிலும் கட்டித் தருவதும் உண்டு. அப்போது கூடுதல் காசு பருப்புக்கா? விளம்பரத்துக்கு!

ஆனால் கடை முதலாளியும் தருமவான் அல்ல. தெருக் கடைகள் மூடிய பிறகு அவன் வைத்ததே விலை.

1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளிகள் உள்ளிட்ட 28 பேர், கலப்படமற்ற மாவும் சரியான எடையும் வேண்டித் தாங்களே கடை திறந்தார்கள். 1904-ல் நமது திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை பிறந்தது. அங்கே லாபம் உறுப்பினருக்கு.

ஆகவே, முதலில் ரேஷன் பருப்பு: கிலோ 30 ரூபாய். வராவிட்டால் திரண்டு கேளுங்கள்! அடுத்தது கூட்டுறவுக் கடை. மீதிக்கு, எடை பார்த்து மலிவானதை வாங்குங்கள். வெறும் பேருக்குக் கூலியைக் கொட்டாதீர்கள்!