காற்றுத் தூரிகைக்கு ஏற்ற காற்றமுக்கி

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இயலும் இசையும் நாடகமும் மணக்கும் இம்மேடையில் ஓர் இயந்திரத்தைப் பற்றிப் பேச வந்துள்ளேன். இது பொருத்தமோ என்று சிலர் ஐயுறலாம். பொருத்தமே என்பது என் துணிபு. நம் சங்க நாடகங்களுக்குத் திரை எழுதுவோர் நம் இளைஞர். நவராத்திரிக் கொலுவிற்குப் பழைய பொம்மைகளைப் புதுக்கி வண்ணம் தீட்டுவோர் நம் தாய்மார். ரயில் எஞ்சினையும் பெட்டிகளையும் சிற்றுருவில் செய்து மகிழ்வோர் நம் மாணவர். இம்மூவரும் இன்று விரும்பி வாங்க முற்படும் கருவி ஒன்று உண்டு. ஏர்பிரஷ் என்று கடையில் வழங்கும் காற்றுத் தூரிகையே அது.

இக்கருவி புதியதன்று. 1879ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அப்னர் பீலர் என்பவர் இதன் முதல் வடிவங்களுள் ஒன்றைச் செய்தார். சார்லஸ் பர்டிக் என்பவர் இக்கருவியை இன்று நாம் காணும் பேனா வடிவத்திற்கு அருகே கொண்டுவந்தார். இதன் தத்துவம் எளியது. நுண்ணிய துளை வழியே காற்று விரைந்து செல்லும். அவ்விரைவு கிண்ணத்திலுள்ள வண்ணத்தை ஈர்த்துத் தூளாக்கிப் பனிபோல் படியச் செய்யும். மயிர்த் தூரிகையின் கோடு தெரியாது. ஒரு நிறம் மற்றொரு நிறத்தில் கரைந்து செல்லும் அழகு இதனால் கைகூடும்.

ஆனால் தூரிகையைத் தேர்ந்தெடுக்கப் பத்துக் கடை ஏறி இறங்கும் நாம், அதற்குக் காற்றைத் தரும் கம்ப்ரெசரை, அதாவது காற்றமுக்கியை, கடைக்காரர் எடுத்து வைத்தபடியே வாங்கிவிடுகின்றோம். தூரிகை விரல் என்றால் காற்றமுக்கி நுரையீரல். மூச்சு சீராக இல்லாதவன் எவ்வளவு பயின்றாலும் புல்லாங்குழல் இனிக்குமா? காற்று விட்டு விட்டு வந்தால் வண்ணம் புள்ளி புள்ளியாகத் தெறிக்கின்றது. பொம்மையின் முகம் பாழாகின்றது. ஓவியக் கலை தனக்கு வரவில்லை என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகின்றான். கருவி பரணுக்குப் போகின்றது. பிள்ளையின் ஆர்வமும் அதனுடன் போகின்றது. பணத்தின் இழப்பைவிட அதுவே பெரிய இழப்பு. குறை கையில் இல்லை, காற்றில் இருந்தது என்று எடுத்துச் சொல்லவும் ஆள் இருப்பதில்லை. ஆகையால்தான் இவ்வுரை.

முதலில் அழுத்தம். ரயில்வேக் குடும்பத்தாராகிய நமக்கு இது எளிதில் விளங்கும். காற்றுத் தடை பூண்ட நம் வண்டிகளில் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருக்கும். பொம்மைக்கும் சிற்றுருவங்களுக்கும் வண்ணம் தெளிக்க 1 கிலோ முதல் 1½ கிலோ வரை போதும். கடைக்காரர் மொழியில் சொன்னால் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 14 முதல் 21 பவுண்டு. துணியில் எழுதவும், கெட்டியான வண்ணத்தைத் தெளிக்கவும் சற்று மிகுதியாக வேண்டும். எனவே, “இது 8 கிலோ வரை ஏறும்” என்று ஒருவர் பெருமை பேசினால் மயங்க வேண்டா. கொலுப் பொம்மைக்கு அந்த ஆற்றலால் பயனில்லை.

இரண்டாவது, காற்றின் அளவு. அழுத்தம் வேறு, அளவு வேறு. 0.3 மில்லிமீட்டர் துளையுள்ள தூரிகை, தொடர்ந்து தெளித்தால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 லிட்டர் காற்றை உட்கொள்ளும். துளை பெரிதானால் தேவையும் பெருகும். காற்றமுக்கியின் மேல் 20 அல்லது 25 லிட்டர் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் எதிர் அழுத்தமின்றி ஓடும்போது அது இழுக்கும் காற்றின் அளவே. அழுத்தம் ஏற ஏற அவ்வளவு குறையும். ஆகவே நம் தேவையைப் போல் இருமடங்கு எழுதியிருக்கும் பொறியை வாங்குவதே அறிவுடைமை. 6இல் ஒரு பங்கு குதிரைத் திறன் உள்ள பிஸ்டன் வகை, தொடக்க நிலையில் உள்ளவர்க்குப் போதுமானது.

மூன்றாவது, இவ்வுரையின் உயிர்நிலையான காற்றுத் தொட்டி. பிஸ்டன் மேலும் கீழும் இயங்குவதால் காற்று துடித்துத் துடித்தே வெளிவரும். நடுவே ஒரு தொட்டி இருந்தால் அத்துடிப்பை அது தன்னுள் வாங்கிக்கொண்டு சீரான காற்றை அனுப்பும். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் ரயிலுக்குக் காற்றுத் தடை கண்டபோதும் எஞ்சினில் ஒரு காற்றுத் தொட்டியை வைத்தே அதனை அமைத்தார். வேண்டும்போது எடுக்கச் சேமிப்பு இருக்க வேண்டும் என்பது குடும்பத்திற்கு மட்டுமன்று, பொறிக்கும் பொருந்தும் நீதியாகும்.

தொட்டியில் இன்னொரு நன்மையும் உண்டு. 3 கிலோவில் தானே தொடங்கி 4 கிலோவில் தானே நிற்கும் பொறியை எடுத்துக்கொள்வோம். தொட்டி 3 லிட்டர் என்றால் இவ்விரு அளவுகளுக்கு இடையே நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 3 லிட்டர் காற்று. நிமிடத்திற்கு 10 லிட்டர் செலவாயின் 18 வினாடி மோட்டார் ஓய்வெடுக்கும். தொட்டி 24 லிட்டர் என்றால் அவ்வோய்வு இரண்டு நிமிடத்திற்கும் மேலாகும். தெளிப்பவர் இடையிடையே நிறுத்துவதால் உண்மையில் ஓய்வு இதனினும் மிகும். தொட்டியில்லாத பொறியோ, தூரிகை ஓய்ந்திருக்கும்போதும் ஓடிக்கொண்டிருப்பதுண்டு, விரைவில் சூடேறும். வீட்டுப் பயனுக்கு 3 லிட்டர் தொட்டியுள்ளது நடுத்தரமான, நல்ல தேர்வு.

நான்காவது, ஈரம். இது நம் கரக்பூர்வாசிகளுக்குத் தனியே சொல்ல வேண்டியது. வங்க நாட்டு மழைக்காலக் காற்றில் நீராவி நிறைந்திருக்கும். 30 பாகை வெப்பத்தில், நூற்றுக்கு 80 ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீர் ஆவியாக இருக்கும். அக்காற்றை அமுக்கிச் சுருக்கினால் இடம் குறையும். ஆவிக்கு இடம் போதாமல், குளிர்ந்தவுடன் நீராக இறங்கும். நிமிடத்திற்கு 20 லிட்டர் இழுக்கும் பொறி ஒரு மணி நேரம் ஓய்வின்றி ஓடி 4 கிலோ அழுத்தத்தில் காற்றைச் சேர்த்தால், சூடு தணிந்தபின் தேக்கரண்டிக் கணக்கில் நான்கு கரண்டிக்கு மேல் நீர் தங்கும். அந்நீரின் ஒரு துளி தூரிகை வழியே பொம்மையின் கன்னத்தில் விழுந்தால் ஒரு மாலை நேர உழைப்பு வீணாகும்.

இதற்கு மூன்று காப்புகள் உண்டு. ஈரம் பிடிக்கும் கண்ணாடிக் கிண்ணத்துடன் கூடிய ரெகுலேட்டர் பொறியோடு இணைந்திருக்க வேண்டும். அழுத்தமானியும் அதிலேயே இருக்கும். இடைக்குழாய் சற்று நீளமாயிருந்தால் காற்று குளிர்ந்து, கிண்ணத்தில் நீரை விட்டு வரும். ஆதலால் கிண்ணம் பொறியைவிடத் தூரிகைக்கு அருகே இருப்பது மேலும் நலம். மூன்றாவது, வேலை முடிந்ததும் தொட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வடித்துவிட வேண்டும். எஞ்சினின் காற்றுத் தொட்டியில் நீரை வடிக்க வால்வு வைத்திருப்பதை நம்முள் பலர் அறிவர். வடிக்காத தொட்டி உள்ளே துருப்பிடிக்கும். துருப்பிடித்த தொட்டி ஒருநாள் வெடிக்கவும் கூடும்.

ஐந்தாவது, ஓசை. இதை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகின்றேன். நம் காலனி வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. இரவெல்லாம் வண்டியைச் செலுத்திய லோகோ பைலட் காலையில் வந்து பகலில் உறங்குகின்றார். அவர் பகலில் உறங்கினால்தான் இரவில் விழித்திருக்க இயலும். அவர் விழிப்பில் ஆயிரம் பயணிகளின் உயிர் இருக்கின்றது. காற்றுத் தூரிகைக்கென்றே செய்யப்படும் சிறு பொறிகளின் ஓசை 50 முதல் 60 டெசிபல் அளவில் இருக்கும். நாம் உரையாடும் குரலுக்கு ஒப்பானது. தச்சருக்கும் வாகனப் பட்டறைக்கும் ஆன பெரிய பொறிகளுள் பல 80 டெசிபலைத் தாண்டும். 10 டெசிபல் கூடினால் செவிக்கு இருமடங்காகத் தோன்றும். எனவே இது நான்கு மடங்கு இரைச்சல். விலை மலிவு, தொட்டி பெரிது என்று பட்டறைப் பொறியை வீட்டுக்குள் கொண்டுவருவோர் அண்டை வீட்டாரின் உறக்கத்தை விலையாகக் கொடுக்கின்றனர். சிறு பொறியையும் தரையில் நேரே வையாது, மடித்த கோணியின் மேலோ ரப்பர் விரிப்பின் மேலோ வைத்தால் அதிர்வு சுவரேறாது.

இனி, செய்யத் தகாதவற்றைச் சுருக்கமாகக் கூறுகின்றேன்.

வாகனச் சக்கரத்திற்குக் காற்றடிக்கும் சிறு பம்பு சில நிமிடங்களில் சூடேறிவிடும். தூரிகைக்கு அது உதவாது. பழைய குளிர்பெட்டியின் கம்ப்ரெசரைக் கழற்றிப் பயன்படுத்துவோர் உளர். ஓசை குறைவுதான், ஆனால் தானே நிறுத்தும் விசையும், மிகை அழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வும் அதில் இரா, எண்ணெய்த் துளியும் காற்றோடு வரும். தொடக்க நிலையில் உள்ளவர் அதைத் தொடாதிருப்பதே நன்று. பற்றவைப்புக்கு வைத்திருக்கும் ஆக்சிஜன் உருளையை எக்காரணம் கொண்டும் தூரிகையில் இணைத்தல் கூடாது. எண்ணெயும் வண்ணக் கரைப்பானும் தூய ஆக்சிஜனோடு சேர்ந்தால் தீயும் வெடிப்பும் நேரும். இதில் விளையாட்டு இல்லை.

மின்கலத்தில் இயங்கும் கையடக்கப் பொறிகளும் இப்போது விற்கின்றன. கேக்கின் மேல் நிறம் தூவவும் சிறு வேலைகளுக்கும் அவை போதும். நெடுநேரப் பணிக்கும் அழுத்தத்தை நுட்பமாகக் கூட்டிக் குறைக்கவும் அவற்றுள் பெரும்பாலானவை ஈடுகொடா. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி அனுப்பும் பொறியாயின் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் 120 வோல்ட்டுப் பொறியை நம் 230 வோல்ட்டில் நேரே இணைத்தால் எரிந்துபோகும். குழாயின் மரையையும் பொருத்திப் பார்த்தே வாங்குக. எட்டில் ஒரு அங்குல பி.எஸ்.பி. மரையே பரவலானது, சில அமெரிக்கத் தூரிகைகளின் மரை வேறு. அவற்றுக்கு இணைப்பான் ஒன்று தனியே வாங்க வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். கண்ணுக்குத் தெரியாத வண்ணத் துகள் நுரையீரலுக்குள் செல்லும். நீரில் கரையும் வண்ணமாயினும் முகக்கவசம் வேண்டும். தின்னர் கலந்த வண்ணமாயின் துணிக்கவசம் போதாது. ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய கவசமே காக்கும். சன்னலைத் திறந்து, வெளியே காற்றை இழுக்கும் மின்விசிறியை ஓடவிடுக. அடுப்பும் விளக்கும் எரியும் இடத்தில் தின்னரைத் தெளித்தல் ஆகாது. பிள்ளைகள் நீர் வண்ணத்தோடு நிற்கட்டும்.

அவையோரே! ஒரு குடும்பத்தின் மாத வரவில் காற்றமுக்கி, தூரிகை, கவசம், வண்ணம் என நான்கையும் ஒருங்கே வாங்குவது எல்லோர்க்கும் எளிதன்று. பணம் குறைவாயின் தூரிகையை எளியதாக வாங்குக. காற்றமுக்கியிலும் கவசத்திலும் குறைக்க வேண்டா. எளிய தூரிகையை நாளை மாற்றலாம். நல்ல காற்றமுக்கி, வடித்துத் துடைத்துப் பேணினால், பல தூரிகைகளுக்குத் துணைநிற்கும்.

இதனினும் நல்ல வழி ஒன்றுண்டு. அதனைச் சங்கத்தின் முன் வேண்டுகோளாக வைக்கின்றேன். தொட்டியுள்ள காற்றமுக்கி ஒன்றைச் சங்கமே வாங்கிக் கூடத்தின் பின்னறையில் வைக்கலாம். மாலையில் இரண்டு மணி நேரம் அதைத் திறந்து வைத்தால், நாடகத் திரையும் கொலுப் பொம்மையும் மாணவர் செய்யும் எஞ்சினும் அங்கேயே வண்ணம் பெறும். பகலில் உறங்குவோர் உறக்கமும் கெடாது. வாங்கும் வசதியற்ற வீட்டுப் பிள்ளையும், வசதியுள்ள வீட்டுப் பிள்ளையோடு அமர்ந்து பயிலும். பிறந்த மண்ணைவிட்டு வந்த நாம் தமிழுக்கென ஒரு கூடம் எழுப்பியது ஒன்றாயிருந்து பயன்பெறத்தானே? அடுத்த ஆண்டு விழாத் திரையில் நம் பிள்ளைகள் கைவண்ணத்தைக் காண நான் ஆவலோடு காத்திருப்பேன்.

 வளர்க தமிழ்! வாழ்க நம் சங்கம்!